கடிதத்தைப் பிரிக்க யாருடைய கையெழுத்து?

2023-ல் வந்த அஞ்சலகச் சட்டம் ரொம்பச் சின்னது. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். அதில் 9-ஆம் பிரிவு மட்டும் என்னை நகரவிடவில்லை. நாட்டின் பாதுகாப்பு, வெளிநாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு, அவசரநிலை, பொதுமக்கள் பாதுகாப்பு, அல்லது இந்தச் சட்டமோ அமலில் உள்ள வேறு எந்தச் சட்டமோ மீறப்படுவது: இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். மத்திய அரசு அறிவிக்கை மூலம் அதிகாரம் கொடுத்த எந்த அதிகாரியும் உங்கள் தபாலை நிறுத்தலாம், பிரிக்கலாம், வைத்துக்கொள்ளலாம்.

புரோகிராம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது 'மற்றும்', 'அல்லது' இரண்டும்தான். 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவை, 1972 திருத்தத்துக்குப் பிறகான வடிவத்தில் பாருங்கள். போனை ஒட்டுக்கேட்க இரண்டு பூட்டு. முதலில் பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இருக்கணும். அதோடு, இறையாண்மை, நாட்டின் பாதுகாப்பு மாதிரி குறிப்பிட்ட காரணங்களில் ஒன்றும் இருக்கணும். 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் இந்த அமைப்பைக் கைவிடவில்லை. அஞ்சலகச் சட்டத்திலோ எல்லாமே 'அல்லது'. அவசரநிலை என்பது கதவைத் திறக்கும் நிபந்தனையாக இல்லாமல், பட்டியலில் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் ஒரு சொல்லாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சொல்லை இந்த நாட்டில் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீனப் போருக்காகக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் 352-ஆவது பிரிவின்படி அவசரநிலையை அறிவித்தது 1962 அக்டோபர் 26. சண்டை நவம்பரிலேயே நின்றுவிட்டது. அவசரநிலை 1968 ஜனவரி 10 வரை நின்றது. அடுத்தது வங்கதேசப் போர். வி.வி. கிரி அறிவித்தது 1971 டிசம்பர் 3. டிசம்பர் 16-ல் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அறிவிப்போ 1977 மார்ச் வரை உயிரோடு இருந்தது. அதாவது 1975 ஜூன் 25 இரவு ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டபோது, நாட்டில் ஏற்கெனவே ஒரு போர்க்கால அவசரநிலை அமலில் இருந்தது! அதன் மேல்தான் 'உள்நாட்டுக் குழப்பம்' என்று இன்னொன்றை ஏற்றினார்கள். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில். ஆக 1962 முதல் 1977 வரையான பதினாலரை வருஷத்தில் ஏறக்குறைய பத்தரை வருஷம் அவசரநிலை. இதில் 1965 போரையும் சேர்த்துக்கொண்டாலும், நேரடியாகச் சண்டை நடந்த காலம் சில மாதங்கள்கூடத் தேறாது.

சீனனுக்காகப் போட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகள் 1965-ல் யார் மேல் பாய்ந்தன என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தது அந்த விதிகளின் கீழ்தான்.

இப்போது தபாலுக்கு வருவோம். பழைய 1898 அஞ்சலகச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் யோக்கியமானது இல்லை. 'பொது நெருக்கடி இருந்ததா?' என்று சந்தேகம் வந்தால், அரசு தரும் சான்றிதழே இறுதி ஆதாரம் என்று அதில் எழுதியிருந்தது. பரீட்சை எழுதியவனே பேப்பரும் திருத்துகிற கதை. இந்தப் பிரிவைத் திருத்திக் காரணங்களை விரிக்க ராஜீவ் காந்தி அரசு 1986-ல் ஒரு மசோதா கொண்டுவந்து, இரு அவைகளிலும் நிறைவேற்றியும் விட்டது. ஆனால் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மேஜையிலேயே வைத்துக்கொண்டார். 1987 ஜூலையில் அவர் பதவிக்காலமும் முடிந்தது. அடுத்து வந்த நம்ம ஆர். வெங்கட்ராமனும் கையெழுத்துப் போடவில்லை. 1990-ல், வி.பி. சிங் ஆட்சியின்போது, மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். மசோதா சட்டமாகவே ஆகவில்லை.

இதை எழுதுகிற பலரும் ஜெயில் சிங்கை வீரராக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராஜீவோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த விஷயம். நெருக்கடி நிலையின்போது பஞ்சாப் முதலமைச்சராக இருந்தவர், 1980 முதல் 82 வரை மத்திய உள்துறை அமைச்சர். அதைவிட முக்கியம், 111-ஆவது பிரிவு அவருக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை என்பதால்தான் அவரால் அப்படி உட்கார முடிந்தது. ஆளுநர் மசோதாக்களை ஊறப்போடுவதை நாம் இங்கே எவ்வளவு திட்டினோம்! தமிழ்நாடு அரசின் வழக்கில் 2025 ஏப்ரல் 8-ல் தீர்ப்பு வந்தபோது கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். அதே ஊறப்போடுதல் நமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்தால் மட்டும் வீரமா? ஜெயில் சிங் நம் கடிதங்களைக் காப்பாற்றினார், சரி. ஆனால் யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு அதிகாரத்தை இன்னொரு அப்படிப்பட்ட அதிகாரம் தடுத்தது, அவ்வளவுதான். அடுத்த முறை தடுக்கும் என்று என்ன உத்தரவாதம்? 2023-ல் தடுக்கவில்லை. டிசம்பரில் நிறைவேறிய மசோதா அதே மாதம் ஒப்புதல் பெற்று, 2024 ஜூனில் அமலுக்கு வந்துவிட்டது.

'மறுஆய்வுக் குழு இருக்கிறதே' என்பார்கள். போன் ஒட்டுக்கேட்புக்கு உண்டு. 1996-ல் பி.யூ.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்தது. அரசுச் செயலாளர்களே உறுப்பினர்கள், நீதிபதி கிடையாது. இந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று 2018-ல் ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி அறிக்கையே சொன்னது. எட்டு மணி நேரம் டீ குடிக்காமல் உட்கார்ந்தால்கூட, ஒரு உத்தரவுக்கு இரண்டு செகண்டுக்கும் குறைவு. இந்தக் குழுவாவது போனுக்கு இருக்கிறது. அஞ்சலகச் சட்டத்துக்குள் அந்த அளவு மறுஆய்வுகூட எழுதப்படவில்லை.

எங்க ஊர் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடு. பக்கத்துப் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த ராஜேந்திர சோழனின் ஆணை அது. வளையத்தில் அரச முத்திரை. உள்ளே, ராஜா வாய்மொழியாகச் சொன்னது ஓலைக்கு வந்து அமலாகும் வரை சம்பந்தப்பட்ட அதிகாரிகள் பெயர் வரிசையாக இருக்கும். சோழராட்சி ஜனநாயகம் என்று சொல்ல வரவில்லை (அந்தச் சண்டை வேற பதிவில் நடக்கிறது). ஆனால் எந்த ஆணைக்கு யார் பொறுப்பு என்று ஆயிரம் வருஷம் கழித்தும் படிக்க முடிகிறது. போன் ஒட்டுக்கேட்பு ஆவணங்களையோ, சில மாதங்களில் அழிக்கச் சொல்லி விதியே இருக்கிறது. அந்தரங்கத்தைக் காக்கத்தான் அந்த விதி, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆணையே அழிந்த பிறகு பாதிக்கப்பட்டவன் எதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான்?

போனவருக்கு நியாயம் கிடைத்தும் இருக்கிறது. 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2011-ல் மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவு ஒன்றை ரத்து செய்தார். விவகாரம் லஞ்ச விசாரணை. குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பது மட்டும் போதாது, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ இருந்திருக்க வேண்டும், இரண்டும் இல்லை என்றார். 5(2)-ல் அந்த முதல் பூட்டு இருந்ததால்தான் இந்தத் தீர்ப்பே சாத்தியமானது. இதே விவகாரம் இன்றைக்குத் தபாலில் நடந்தால், 9-ஆம் பிரிவின் கீழ் இந்த வாதத்தை எடுக்கவே முடியாது. லஞ்சமும் 'வேறு எந்தச் சட்டமோ' மீறப்படுவதுதானே.