எல்லாமே தடித்தால் எது தெரியும்? நம் பயிற்சித்தாள்களைப் பற்றி ஒரு விமர்சனம்



கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் வட்டாரத்தில் புலனம் வழியாகச் சுற்றிவரும் பயிற்சித்தாள்களை எடுத்துப் பாருங்கள். உழைப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரே பக்கத்தில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு, சிவப்பு, மஞ்சள் பூச்சு, நிழல் விழுந்த வர்ட் ஆர்ட் தலைப்பு. எல்லாம் எடுப்பாக நிற்கட்டும் என்று செய்கிறோம். கடைசியில் எதுவுமே நிற்பதில்லை.

இது வெறும் அழகு பற்றிய பேச்சு இல்லைங்க. நம் தோட்டப்புறப் பள்ளிகள் பல, 150 மாணவருக்கும் குறைந்தவை. சிலவற்றில் கூட்டு வகுப்பு. ஆசிரியர் ஆண்டு 3-க்குப் பாடம் சொல்லும்போது, ஆண்டு 4 பிள்ளை தாளோடு தனியாக உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் தாள்தான் ஆசிரியர்.

முதலில் அடிக்கோடு. 'கோடிடப்பட்ட சொல்' என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் தமிழில் பல எழுத்துகளுக்கு உயிரே வரிக்குக் கீழேதான். ர-வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சின்னக் கால்தான். கோடு அதை வெட்டினால், மங்கலான நகலில் 'கரடி' 'காடி' ஆகிவிடும். ஓலைச்சுவடி காலத்துக் குழப்பத்தை நாமே திரும்பக் கொண்டுவருகிறோம்.

அடுத்து சாய்வெழுத்து. லதா, நிர்மலா யூஐ இரண்டிலும் தனியாக வரைந்த சாய்வெழுத்து கிடையாது. மென்பொருள் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள்குறி போதுமே!

தடித்த எழுத்து நல்ல கருவிதான். ஆனால் சிறிய அளவில் தடிக்க வைத்து, நகலுக்கு நகல் எடுத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மூணு சுழி ண எது, ரெண்டு சுழி ன எது? மயங்கொலிப் பயிற்சியே மயக்கம் தந்தால் பிள்ளை என்ன செய்யும்?

வண்ணம் திரையில் பளிச்சென்று இருக்கும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சிவப்பு சாம்பலாகும். மஞ்சள் ஒன்று மறையும், இல்லையேல் அழுக்காகத் தெரியும். 'சிவப்பு நிறச் சொல்லுக்குப் பொருள் எழுதுக' என்ற கேள்விக்கு அப்புறம் அர்த்தமே இல்லை.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? ஒரு வேலைக்கு ஒரு அடையாளம். கேட்கும் சொல்லுக்கு மட்டும் தடித்த எழுத்து, அதுவும் 14 புள்ளிக்குக் குறையாமல். கட்டளை வாக்கியத்துக்கு மெல்லிய கட்டம். தலைப்பை ஒவ்வொன்றாகப் பெரிதாக்காமல், வெர்ட்டில் உள்ள 'ஹெடிங் 1' பாணியைக் கொடுங்கள். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறும். பகுதிகளுக்கு நடுவே வெற்றிடம் விடுங்கள். எதையும் எடுப்பாகக் காட்ட அதைவிட மலிவான வழி கிடையாது.

பகிர்வதற்கு முன் ஒரு தாளைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, அதை மறுபடி நகலெடுங்கள். கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது பிள்ளை முதலில் பார்க்க வேண்டியதுதானா? ஆம் என்றால் அனுப்புங்கள்.