ஸ்டாப் வாட்ச் கொஞ்சம் காத்திருக்கட்டும்

800 மீட்டரை 1 நிமிடம் 59.51 விநாடியில் ஓடி முடித்தபோது மேரி கெய்னுக்கு வயது 17. அது 2013. அமெரிக்கப் பள்ளி மாணவி ஒருவர் இரண்டு நிமிடத்துக்குள் வந்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டு மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடி 10-ஆவது இடம் பிடித்தார். அடுத்த ஆண்டு உலக ஜூனியர் போட்டியில் 3000 மீட்டர் தங்கம். இப்படிப்பட்ட பெண் 22, 23 வயதில் என்ன ஓடியிருப்பார் என்று கணக்குப் போடத் தோன்றும். போட வேண்டாம். 800-லும் 1500-லும் அவருடைய சிறந்த நேரங்கள் அந்த 17 வயது நேரங்களோடு நின்றுவிட்டன.

ஏன் நின்றன என்று 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வீடியோவில் அவரே சொன்னார். எடையைக் குறை, இன்னும் குறை என்று பயிற்சி முகாமில் நெருக்கியிருக்கிறார்கள். சக வீரர்கள் பார்க்க எடை போட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு வரவில்லை. ஐந்து எலும்புகள் முறிந்தன. தற்கொலை எண்ணமும் வந்ததாகச் சொன்னார். பயிற்சியாளர் ஆல்பர்ட்டோ சலாசார் இந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

யார் சொல்வது சரி என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். அந்த உடலில் நடந்ததைப் பார்ப்போம். ஓடிச் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடல் உடனடித் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். பெண்களுக்கு முதலில் நிற்பவற்றில் ஒன்று மாதவிலக்கு. ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு பலம் இழக்கும், பிறகு சாதாரண ஓட்டத்திலேயே விரிசல் விடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. பெயர் புதிது. ஆனால் ‘பீரியட்ஸ் நின்னா டிரெயினிங் சரியா போகுதுன்னு அர்த்தம்’ என்ற பேச்சு தடகள மைதானங்களில் ரொம்பப் பழையது. அதைவிட ஆபத்தான பேச்சு வேறில்லை.

டீன் ஏஜ் தொடக்கத்தில் நடப்பதைத்தான் நம் ஆட்கள் தப்பாகப் படிக்கிறார்கள். 12 வயது வரை பையனும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாக ஓடுவார்கள். சில ஊர்களில் பெண்தான் முதலில் வருவாள். பிறகு பையனுக்குத் தசையும் ஹீமோகுளோபினும் கூடும். அவன் டைமிங் தானாகக் குறையும். பெண்ணுக்கு இடுப்பு அகலும், கொழுப்புச் சேரும், டைமிங் ஓரிரு ஆண்டு அசையாமல் நிற்கும், சிலருக்கு ஏறவும் செய்யும். ஆறாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள் ஒன்பதாம் வகுப்பில் நாலாவதாக வருகிறாள். ‘வெயிட் போட்டுட்டா’, ‘கவனம் சிதறிடுச்சு’ என்று கிரவுண்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உண்மையில், வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டே ஆண்டுகளில் வாழ்நாளுக்கான எலும்புச் சத்தில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் அந்தச் சேமிப்பு கூடும். பட்டினியோடு ஓடினால் கரையும். அந்த நேரத்தில் பெண்ணை எடை மெஷின் மேல் ஏற்றுகிறவர் பயிற்சியாளரே அல்ல.

இதே அமெரிக்காவில் எதிர்த்திசையில் ஒரு முயற்சியும் நடந்தது. மேரி கெய்ன் பிறந்த 1996-ஆம் ஆண்டிலேயே, வடக்கு கரோலினாவின் சார்லட் நகரில், மாலி பார்க்கர் என்ற டிரையத்லான் வீராங்கனை 13 சிறுமிகளோடு ‘கேர்ள்ஸ் ஆன் தி ரன்’ திட்டத்தைத் தொடங்கினார். இன்று அதன் வழியாக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் வந்துபோயிருக்கிறார்கள். முறை ரொம்ப எளிது. பத்து வாரப் பயிற்சி, முடிவில் 5 கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், குதித்துக்கொண்டும் போகலாம். போட்டி கிடையாது. நடுவில் தோழிகளோடு சண்டை, கேலி, தன் உடம்பைப் பற்றிய கூச்சம் எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பந்தயமே இல்லாத ஓட்டமா என்று தடகளக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பந்தயம் பிடிக்கும், ஃபோட்டோ ஃபினிஷ் என்றால் இன்னும் பிடிக்கும். ஆனாலும் பத்து வயதுப் பெண்ணுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதில் பார்க்கர் கணக்கு சரி. முதல் வாரம் ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியவள் பத்தாம் வாரம் 5 கிலோமீட்டரை முடிக்கிறாள். யாரும் பாராட்டி அவளை நம்பவைக்க வேண்டியதில்லை, கால் சொல்லிவிடும். குறையும் உண்டு. பத்து வாரம் முடிந்த பிறகு அவளை யார் கூப்பிடுவார்கள் என்பதற்கு எல்லா ஊரிலும் பதில் இல்லை.

நம் பக்கம் வருவோம். ஸ்போர்ட்ஸ் டே அன்று நாலைந்து பேர் ஓடுவார்கள், மிச்சப் பேர் வெயிலில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். கொடுத்தாலும் பையன்கள் கிரவுண்டை எடுத்துக்கொள்ள, பெண்கள் வேப்பமரத்தடியில். 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்திய அளவிலான கணக்கு அது. அதாவது ‘ஸ்டாமினா இல்லை’ என்று ஒதுக்கப்படும் பெண்களில் பலருக்கு இல்லாதது இரும்புச்சத்து. விசில் ஊதுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் அது தெரிந்துவிடும். துப்பட்டாவும் சுடிதாரும் காலைத் தடுக்கின்றன. சரியான ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாததாலேயே கிரவுண்டை விட்டுப் போன பெண்கள் எத்தனையோ பேர், ஆண் மாஸ்டரிடம் அதைச் சொல்ல முடியாது. பள்ளியில் பெண் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பொறுத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கோவை வித்யா ராம்ராஜ் இருக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய 55.42 விநாடியை அவர் ஹாங்சோ ஆசியப் போட்டியில் எட்டினார். அப்போது அவருக்கு வயது 25. பதினாலு வயதில் டைமிங் நின்றதென்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களில் எத்தனை பேருக்கு 25 வரை ஓடக் கொடுத்துவைத்தது?

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்போர்ட்ஸ் டேயில் 100 மீட்டர் இருக்கட்டும், கோப்பையும் இருக்கட்டும். அதோடு ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பெண்கள் எல்லாருக்கும் 2 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றைச் சேருங்கள். மூன்று மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். நடப்பவர்கள் நடக்கட்டும். யார் முதல், யார் கடைசி என்று எழுதாதீர்கள். முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு கடலைமிட்டாய் கொடுங்கள், போதும்.