நேரே வந்தால் வழியில்லை

ஒற்றை அணுப் படலமான கிராஃபீனில் ஓடும் எலக்ட்ரானுக்குக் குறுக்கே ஒரு மின்னழுத்தத் தடையை எழுப்பிப் பாருங்கள். எவ்வளவு உயரமான, அகலமான தடையானாலும், அதன்மேல் செங்குத்தாக மோதும் எலக்ட்ரான் துளியும் சிதறாமல் அந்தப் பக்கம் போய்விடும். இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன் 1929இல் கணக்காக எழுதிக் காட்டிய விந்தை பென்சில் கரியில் நடக்கிறது! ஆனால் என் மனத்தை அள்ளுவது அடுத்த கட்டம். மேலே இன்னொரு படலத்தை வைத்தால் போதும், செங்குத்தாக வரும் அதே எலக்ட்ரான் முழுதாகத் திரும்பிவிடும். இயற்பியலாளர்கள் காட்ஸ்னெல்சன், நோவசெலொவ், கெய்ம் மூவரும் 2006இல் ஒரே கட்டுரையில் இந்த இரண்டையும் அருகருகே வைத்தார்கள்.

அடுக்கின் அமைப்பைக் கவனியுங்கள். 0.335 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கும் மேல் படலம் சற்று நகர்ந்தே உட்கார்கிறது. அதன் அணுக்களில் பாதி, கீழ் அணுக்களுக்கு நேர் மேலே. மீதிப் பாதி, அறுகோணங்களின் நடுவெளிக்கு மேலே. குறைந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான் பெரும்பாலும் இரு படலங்களிலும் இப்படித் துணையின்றி நிற்கும் அணுக்களிலேயே வாழ்கிறது. மேல் படலத்திலும் கீழ்ப் படலத்திலும் உள்ள அந்த இருவகை இடங்களில் (ஒற்றைப் படலத்திலானால், அடுத்தடுத்து நிற்கும் இருவகை அணுக்களில்) அதன் அலை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை ஒரு கடிகார முள்ளாக வரையலாம். இயற்பியலார் இதைப் போலித் தற்சுழற்சி என்பார்கள்.

நயமெல்லாம் இந்த முள்ளில்தான். எலக்ட்ரானின் உந்தம் ஒரு முழு வட்டம் திரும்பினால், ஒற்றைப் படலத்தில் முள் ஒருமுறை சுற்றும். இரட்டைப் படலத்தில் இருமுறை சுற்றும். தடைக்குள் நுழைந்த எலக்ட்ரானோ துளையாக, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடமாக, மாறியாக வேண்டும். துளை முன்னே நகரும்போது அதன் உந்தம் பின்னோக்கி இருக்கும். ஒற்றைப் படலத்தில் உந்தம் திரும்பியதால் முள் ஒருமுறை புரள்கிறது, துளையானதால் மறுமுறை புரண்டு பழைய திசைக்கே வந்துவிடுகிறது. வெளியிலும் உள்ளும் முள் ஒன்றே, தங்குதடையின்றிப் பயணம். இரட்டைப் படலத்திலோ உந்தம் திரும்புவது முள்ளுக்கு ஒரு முழுச் சுற்று, அதாவது ஒரு மாற்றமுமில்லை. துளையானதால் வந்த புரளல் மட்டும் மிஞ்சி, முள் நேர் எதிராக நிற்கிறது. தடைக்குள் அந்த ஆற்றலில் நிலைகள் தாராளமாகக் காலியாக இருந்தும், ஒன்றுகூட வருபவரோடு பொருந்தாது. தடை அகலமாக அகலமாக, ஊடுருவல் அடுக்குக்குறி வேகத்தில் மங்கிப்போகிறது.

எலக்ட்ரான் சற்றே சாய்ந்து வரட்டும். எதிரெதிர் முட்களின் கறார் தளர்கிறது. சில குறிப்பிட்ட கோணங்களில் ஊடுருவல் முழுமையாகவே நிகழ்கிறது. நேர்வழி அடைபட்ட இடத்தில் சாய்வழி திறக்கும் இந்த அழகுக்கு ஈடேது!

இரு படலங்களுக்கும் இடையே மின்புலம் கொடுத்து அவற்றின் சமநிலையைக் குலைத்தாலும் அந்தக் கறார் உடைகிறது. சூரிச்சில் செய்த சோதனை ஒன்று, தடைக்குள் எலக்ட்ரான் அலைகள் முன்னும் பின்னும் எதிரொலிக்கும் குறுக்கீட்டுக் கோலங்களின் வழியே 2014இல் இதைக் காட்டியது. எலக்ட்ரானை மறித்தது தடையின் பலம் அன்று, இரு படலங்களின் சமத்துவமே என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டியதில்லை.