கடல் கடந்த கல்விச் சுற்றுலா

வன்னியிலே இன்று ஐம்பது வயதைக் கடந்திருக்கும் ஒருவர், தம் வாலிபப் பருவத்தில், கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போவதற்கே ‘பாஸ்’ எடுத்து, பிணைக்கு ஆள் நிறுத்தி, தாண்டிக்குளத்திலோ ஓமந்தையிலோ வெயிலில் வரிசையாக நின்று, பொதியை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் பிரயாணம் செய்தவராகவே பெரும்பாலும் இருப்பார். அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இன்று கடவுச்சீட்டைக் கையிலேந்தி, ஆசிரியர் இருவர் மூவர் முன்செல்ல, பலாலியில் விமானமேறிச் சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, இராமேஸ்வரம் என ஐந்தாறு நாட்களுக்குள் தமிழகத்தின் புகழ்பெற்ற சின்னங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பக்கூடிய காலம் வந்திருக்கிறது. இம்மாற்றத்தின் அருமையை உணராதவர் வன்னியில் இரார். ஆயினும், பெற்றோர் வயல் விற்றோ நகை அடகு வைத்தோ அனுப்பும் இப்பிரயாணம், ‘கல்விச் சுற்றுலா’ என்ற தன் பெயருக்கு எவ்வளவு தூரம் பொருத்தமாக நடைபெறுகிறது என்று ஆராய்வது அந்த மகிழ்ச்சிக்கு விரோதமான காரியமன்று.

கடல் கடந்து செல்வது நமக்குப் புதிதுமன்று. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய நாள் முதலாக, மதவாச்சியில் பிரிந்து மடு வழியே சென்ற புகையிரதப் பாதை, வன்னியின் ஓரத்தையே இந்தியாவுக்குரிய வாசலாக ஆக்கியிருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்துகொண்டிருந்தது. எண்பதுகளில் யுத்தம் அதனையும் நிறுத்திற்று. பின்னர் 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, பெருந்தொற்றால் மூடுண்டு, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்க, 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பலும் வந்து சேர்ந்தது. அக்காலத்து முதியோர் போனது தல யாத்திரை; ஒரு கோயிலில் மூன்று நாள் தங்குவதை அவர்கள் காலவிரயமாக நினைத்ததில்லை. இக்காலத்து மாணவர் போவது சுற்றுலா. இதில் மூன்று நாளில் ஒன்பது தலங்கள் அடங்கிவிடுகின்றன.

முதலில் நன்மைகளைக் கூறுவதே முறை. பாடநூலில் உள்ள படம் உள்ளங்கையளவானது. அதிலே சிகிரியாவும் ஒன்றுதான், தஞ்சைப் பெரிய கோயிலும் ஒன்றுதான். பனைக்கு மேலே உயரமான பொருளை அதிகம் கண்டிராத ஒரு முல்லைத்தீவுப் பிள்ளை, கருங்கல் மலை அண்மையில் இல்லாத காவிரி வண்டல் நிலத்தின் நடுவே, இருநூறு அடிக்கும் மேலாக எழுந்து நிற்கும் அந்த விமானத்தின் அடியில் நின்று கழுத்தை நிமிர்த்தும் கணத்தில், 1010ஆம் ஆண்டளவில் இதனை முடித்தவர்களிடம் எவ்வளவு ஆட்பலமும் கணிதமும் நிர்வாகமும் இருந்திருக்க வேண்டும் என்ற வினா, யாரும் கேட்காமலே அதன் மனத்தில் உதிக்கிறது. பரிமாணம் என்பதை உடம்பினால் உணர்வதற்கு நேரிற் செல்வதைத் தவிர வேறு உபாயமில்லை.

இரண்டாவது நன்மை மொழி பற்றியது. நமது மொழியையே பேசும் அந்நிய நாடு என்பது உலகில் வேறு பல சமூகத்தாருக்கு எளிதிற் கிட்டாத விசித்திர அனுபவம். நான் உடன் சென்ற ஒரு குழுவில், தஞ்சாவூரிலே தேநீர்க் கடைக்காரர் ஒருவர், நம் மாணவர் பேசுவதைச் சற்று நேரம் கவனித்துக் கேட்டுவிட்டு, “கேரளாவா தம்பி?” என்று விசாரித்தார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு யோசித்தார்கள். தமிழ் என்றால் தங்கள் வீட்டில் பேசுவதுதான் என்றிருந்த எண்ணமும், தமிழகம் என்றால் திரைப்படத்தில் காண்பதுதான் என்றிருந்த எண்ணமும் ஒரே கேள்வியில் அசைந்துபோயின. எத்தனை பாடவேளை எடுத்தாலும் இத்தெளிவை நான் அவர்களுக்கு ஊட்டியிருக்க முடியாது.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது குறை அவசரம். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நின்று, அதில் முக்கால் பங்கைப் புகைப்படத்துக்கும் வரிசைக்கும் கொடுத்து, இரவு பத்து மணிக்கு விடுதி சேரும் பிள்ளைக்கு, எந்தக் கோபுரம் எந்த ஊரில் இருந்தது என்பதே மறுநாள் மறந்துவிடுகிறது. அவசரம் உள்ள இடத்தில் அறிவுக்குப் பதிலாக அதிசயக் கதைகள் வந்து குடியேறுகின்றன. அதே தஞ்சையில், பிற்பகல் மூன்று மணியளவில், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி ஒருவர் வெகு உருக்கமாக விவரித்துக்கொண்டிருந்தார். கோயிலாதலால் எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தோம்; வடபுற முற்றத்துக் கல் நெருப்பாய்ச் சுட்டது; ஆகவே குழு முழுவதும் தன்னையறியாமலே நகர்ந்து நகர்ந்து, குளிர்ந்த ஓரிடத்தில் கூடி நின்றது. முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி என்னிடம் மெல்லக் கேட்டாள்: “அப்ப சேர், நாங்கள் இப்ப ஆரின்ர நிழலிலை நிக்கிறம்?” முழுப் பிரயாணத்திலும் நான் கேட்ட சிறந்த கேள்வி அதுவே. ஆனால், அதற்குள் பஸ் புறப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இரண்டாவது குறை அதனினும் பாரதூரமானது. பெருமை கொள்வதற்காகவே ஒரு சின்னத்தைக் காட்டும்போது, அதன் சரித்திரத்தில் பாதி மறைந்துவிடுகிறது. பெரிய கோயிலைக் கட்டுவித்த இராஜராஜன் படைகள் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஈழத்துள் புகுந்து அநுராதபுரத்தைப் பாழ்படுத்தியதும், அவன் மகன் இராஜேந்திரன் காலத்தில், 1017ஆம் ஆண்டளவில், ஈழத்து அரசன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே மாண்டதும், நம் பிள்ளைகள் பரீட்சைக்காக மனனம் செய்த செய்திகள்தாம். பெரிய கோயிற் கல்வெட்டுகளில், ஈழமண்டலத்து ஊர்கள் சில அக்கோயிலுக்கு நிவந்தமாக விடப்பட்டு, அவை நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் அளக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருப்பதையோ அவர்களுக்கு எவரும் காட்டுவதில்லை. கமக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சாசனம் சொல்லக்கூடிய செய்தி எத்துணை நுட்பமானது! மொழியால் அந்தக் கோயில் நமது. ஆனால் அதன் களஞ்சியத்துக்கு நெல் அளந்த ஊர்களும் நம் தீவின் ஊர்களே. பொலன்னறுவையில் சோழர் எழுப்பிய வானவன்மாதேவி ஈஸ்வரத்தின் முன் நிற்கும் சிங்கள மாணவனும் தஞ்சையில் நிற்கும் தமிழ் மாணவனும் ஒரே சரித்திரத்தின் இரு பக்கங்களைப் பார்க்கிறார்கள்; இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசிக்கப் பழக்காத சுற்றுலா, கர்வத்தை வளர்க்குமேயன்றி ஞானத்தை வளர்க்காது.

மூன்றாவது குறையைச் சுருக்கமாகவே சொல்லலாம். எல்லோரும் அறிந்தது அது. ஒரு வகுப்பில் பணம் கட்டக்கூடியவர் போகிறார்கள். கட்ட முடியாதவர், போனவர்கள் கொண்டுவந்த மாமல்லபுரத்துச் சங்குமாலையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். யுத்தத்தில் தகப்பனை இழந்த பிள்ளைகள் நிறைந்திருக்கும் வகுப்பறையில் இந்தப் பாகுபாடு, சுற்றுலாவுக்கு முன்பு இல்லாத ஒரு சுவரைப் புதிதாக எழுப்பிவிடுகிறது.

இவற்றையெல்லாம் பிறரிடம் கேட்டறிய வேண்டிய அவசியம் வன்னியாருக்கு இல்லை. நாமே ஒரு காலத்தில் காட்சிப்பொருளாக இருந்தவர்கள். 2009இல் யுத்தம் முடிந்து ஏ9 வீதி திறந்தபின், தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் வந்தார்கள். கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த பெரிய நீர்த்தாங்கியின் முன் நின்று படம் பிடித்தார்கள். அதனருகே நினைவுப்பொருள் விற்கும் கடையொன்றும் இருந்தது. அவ்வேளையில், அந்தத் தாங்கியின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள், கூரையில்லாத வீட்டுக்குத் தகரம் தேடிக்கொண்டு அதே வீதியால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் தீயவர்களல்லர். தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு புதிய இடத்தைக் காட்ட வந்த சாதாரண மனிதர்கள். அந்த இடத்தில் யார் வாழ்ந்தார்கள், என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. கொங்கிரீட்டைக் கண்டார்கள், நம்மைக் காணவில்லை. அந்தப் பார்வை எவ்வளவு வலித்தது என்பதை அறிந்த நாம், பிறருடைய ஊருக்குப் போகையில் அதே பார்வையையா பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவது?

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு யப்பான் தேசம் திருஷ்டாந்தமாக இருக்கிறது. 1886ஆம் ஆண்டளவில் தொடங்கியதாகக் கூறப்படும் பாடசாலைப் பிரயாண வழக்கம் அங்கே கல்வியின் ஓர் அங்கமாகவே நிலைபெற்றுவிட்டது. அணுகுண்டால் அழிந்த ஹிரோஷிமாவுக்குச் செல்லும் மாணவர், அந்த அழிவைப் பற்றி முன்கூட்டியே வகுப்பில் படித்து, காகிதக் கொக்குகள் மடித்துக் கோத்துக்கொண்டு போகிறார்கள். உயிர்தப்பிய முதியவர்களின் வாய்மொழியைக் கேட்கிறார்கள். இடிந்த கட்டடம் ஒன்றைப் பார்ப்பதற்கே அவ்வளவு ஆயத்தம்! நம்மவருக்கோ ஆயத்தம் என்பது சீருடை தைப்பதும் பணம் சேர்ப்பதுமாக முடிந்துவிடுகிறது.

இராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில் மண்டபம் என்றோர் ஊர் வருகிறது. வெள்ளையர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்களைத் தடுத்துவைத்து நோய் சோதித்து அனுப்பிய முகாம் அங்கே இருந்தது. எண்பதுகளில் தொடங்கி, மன்னார்க் கரையிலிருந்து படகேறிப் போன நம்மவர்கள் இறக்கப்பட்ட முகாமும் அந்த ஊரில்தான். 2021இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கிருப்பவர் பலருக்கு வன்னியில் இன்றும் உறவினர் உண்டு. அனுமதியின்றி உள்ளே செல்ல முடியாது என்பது உண்மையே. ஆனால், பஸ்ஸின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, “பிள்ளைகளே, இந்தப் பக்கம் பாருங்கள், இதுவும் உங்கள் சரித்திரந்தான்” என்று ஒரு வார்த்தை சொல்ல எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நாங்கள் போன பஸ்ஸில் அப்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே, இவ்வழக்கத்தை விட்டுவிட வேண்டுமென்பது என் கட்சியன்று; முள்வேலிக்குள் பிறந்த தலைமுறைக்கு உலகம் விசாலமானது என்று காட்டும் எதுவும் விடத்தக்கதன்று. ஆனால், அதன் முதற்படி பலாலியில் தொடங்கக் கூடாது. கற்சிலைமடுவில் தொடங்க வேண்டும். ஒட்டுசுட்டானை அடுத்த அவ்வூரில், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் தம் மொழியில் பொறித்து ஒரு கல்லை நாட்டினார்கள். வென்றவன் தன் பெருமைக்காக நாட்டிய அக்கல்லின் இடம், இன்று தோற்றவன் பெயராலேயே அறியப்படுகிறது. இந்தக் கல்லை யார் நாட்டினார், எந்த மொழியில், யார் படிப்பதற்காக, யாரை மறைப்பதற்காக என்ற நான்கு கேள்விகளைத் தன் ஊர்க் கல்லிடம் கேட்டுப் பழகிய பிள்ளை, தஞ்சைக் கல்வெட்டின் முன் நின்றாலும், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் முன் நின்றாலும், அவற்றையே கேட்கும். அவ்வாறே, 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடுக் குளக்கட்டில் ஒரு நாள் நடந்து, அதற்கு மண் சுமந்தவர் யார் என்று விசாரித்த பிள்ளைக்கு, பெரிய கோயிலுக்குக் கல் சுமந்தவர் யார் என்று விசாரிக்கவும் தோன்றும்.

அடுத்த சுற்றுலாவுக்குத் திட்டமிடும் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இவ்வளவே. ஒன்பது தலங்களை மூன்றாகக் குறையுங்கள். குறைத்ததனால் மிஞ்சும் பணத்தில், பணம் கட்ட முடியாத பிள்ளைகள் சிலரையேனும் கூட்டிச் செல்லுங்கள். புறப்படுமுன் ஒரு மாதம் வகுப்பில் படியுங்கள். திரும்பியபின், போகாத மாணவர் முன்னிலையில், போனவர் ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒன்றைப் பற்றிப் பேச ஒரு நாள் ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிழலைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லி முடியும்வரை பஸ்ஸை நிறுத்தி வையுங்கள்.