சுவரும் தோட்டமும்: சிறார் பங்கேற்கும் பொதுவெளிக் கலையில் பொறையும் வரலாறும்

சிறாரைக் கொண்டு பொதுவெளியில் உருவாக்கப்படும் நல்லிணக்க ஓவியங்களுள் மிகப் பல ஒரே முகச்சாயல் உடையவை. கோத்த கைகள், பறக்கும் புறா, பல நிற முகங்கள், நடுவே உலக உருண்டை. எந்நாட்டில் வரைந்தாலும் இவை ஒன்றுபோலவே அமைகின்றன. அதுவே இவற்றின் குறை. அவ்வூரில் யார் யாரை விலக்கினர், எத்தெருவில் எவர் குடியேற இயலாதிருந்தது என்பதை அச்சுவரைப் பார்த்து ஒருவரும் அறிய முடியாது. பகை இன்னதென்று தெரியாத சிறாரிடம் பகை வேண்டா என்று எழுதச் சொல்வது கையெழுத்துப் பயிற்சியாகவே முடியும்.

சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. இன்றைய வழக்கில் ‘சகிப்புத்தன்மை’ என்பது விரும்பாத ஒன்றைத் தாங்கிக்கொள்வதையே குறிக்கிறது. திருக்குறள் இவ்விடத்தில் நுட்பமானது. பொறையுடைமை 16ஆம் அதிகாரமாக இல்லறவியலில் இடம்பெறுகிறது. கண்ணோட்டம் 58ஆம் அதிகாரமாக அரசியலில் வருகிறது. முன்னது தீங்குக்கு ஆளானவரின் பண்பு. பின்னது அதிகாரம் உடையவரிடம் எதிர்பார்க்கப்படுவது. சிறார் கலைத்திட்டங்கள் பெரும்பாலும் முன்னதையே போதிக்கின்றன. பின்னதைக் கோருவதாயின் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதைச் சொல்லத் துணிந்த திட்டங்களுள் முதன்மையானது லாஸ் ஏஞ்சலிஸ் பெருஞ்சுவர். டுஹங்கா வாஷ் என்னும் வெள்ளவடிகாலின் கான்கிரீட் சுவரில் ஜூடி பாக்காவின் தலைமையில் 1976இல் தொடங்கிய இவ்வோவியம், 1983 வரை ஐந்து கோடைகளில் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு வளர்ந்தது. நானூறுக்கும் மேற்பட்ட இளையோர் ஊதியம் பெற்று உழைத்தனர். அவர்களுள் பலர் சிறார் நீதிமன்றங்களைக் கண்டவர்கள், வெவ்வேறு இனத்தவர். அவர்கள் வரைந்தவற்றுள் 1871இன் சீனர் படுகொலையும், மெக்சிக்க வம்சாவளியினர் நாடுகடத்தப்பட்டதும், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அமெரிக்கர் முகாம்களில் அடைக்கப்பட்டதும் அடங்கும். மற்றவரின் காயத்தைத் தன் கையால் வரைய நேர்ந்த இளைஞன் அதன் விவரங்களைக் கற்றாக வேண்டியிருந்தது. ஒற்றுமை அங்குச் சுவரின் கருப்பொருளாக அன்றி, ஒரே சாரத்தில் நின்று வெயிலில் செய்த வேலையின் விளைவாக வந்தது.

இச்சுவரைப் புகழ்வோர் கடந்து செல்லும் ஒன்று உண்டு. முதற் கோடையில் ஓவியர் பலர் தத்தம் பகுதிகளைத் தனித்தனியே வடிவமைத்தனர். ஆதலின் அப்பகுதி சீரற்றது. 1978 முதல் பாக்கா முழுச்சுவரையும் ஒரே கோட்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தார். ஓவியம் என்ற அளவில் பிற்பகுதி மிக உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வடிவம் ஒருமைப்படுந்தோறும் இளையோர் படைப்பாளர் நிலையிலிருந்து பணியாளர் நிலைக்கு நகர்ந்தனரா என்ற வினா எழுகிறது. கலைத்தரமும் பங்கேற்பும் எப்போதும் கைகோத்துச் செல்வதில்லை.

தமிழ் நிலத்தில் இதற்கு நேரெதிரான முயற்சி மட்டக்களப்பு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் பிறரும் சேர்ந்து 1996இல் தொடங்கிய இத்தோட்டத்திற்குச் சுற்றுவட்டக் கிராமங்களின் தமிழ், முஸ்லிம் சிறார் ஒரே பேருந்தில் அழைத்துவரப்பட்டனர். களிமண், வண்ணம், கதை, நாடகம், செடிகொடி, விலங்குகள் என்பனவே அங்குப் பாடம். காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை நிகழ்ந்த 1990க்கும் அத்தோட்டம் திறந்த ஆண்டுக்கும் இடைவெளி ஆறே ஆண்டுகள். போர் ஓயவில்லை. அந்நிலையில் வரலாற்றைச் சுவரில் எழுதியிருந்தால் குழந்தைகள் ஆபத்துக்கு உள்ளாகியிருப்பர். எனவே தோட்டம் மௌனத்தைத் தேர்ந்தது, அம்மௌனம் நியாயமானது. வெளியே காட்டுவதற்கென எதையும் அவசரமாகச் செய்யாததே அதன் வலிமை.

புலம்பெயர்ந்த தமிழரிடம் காணப்படும் மௌனத்திற்கு இந்த நியாயம் பொருந்தாது. வளைகுடாப் பகுதியின் மில்பிடாஸ் இதைச் சோதிக்க ஏற்ற ஊர். ஃபோர்டு மோட்டார் ஆலை 1955இல் ரிச்மண்டிலிருந்து அவ்வூருக்கு இடம்பெயர்ந்தபோது, கறுப்பினத் தொழிலாளர்க்கு அங்கு வீடு கிடைக்கவில்லை. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் முன்னின்று, எல்லா இனத்தவரும் வாழும் சன்னிஹில்ஸ் குடியிருப்பை உருவாக்கியது. ஆலைத் தொழிலாளியான பென் கிராஸ் என்னும் கறுப்பினத்தவர் 1966இல் அந்நகரின் மேயரானார். 1983இல் மூடப்பட்ட ஆலைக் கட்டடமே 1994 முதல் கிரேட் மால் வணிக வளாகமாக உள்ளது. தமிழ்க் குடும்பங்கள் பொருள் வாங்கும் அவ்வளாகத்தின் சுவர்களுக்குள் இத்தனை வரலாறு கிடக்கையில், தமிழ்ச் சிறார் வரையும் நல்லிணக்க ஓவியத்திற்குப் புறாவைத் தேடவேண்டிய தேவையில்லை.

சன்னிஹில்ஸை வரைவதும் எளிதன்று. வீடு மறுக்கப்பட்டோரின் கதையைக் கற்ற குழந்தை, பெற்றோரின் ஊரில் தெருக்கள் எவ்வாறு பிரிந்திருந்தன என்று அடுத்த வாரமே கேட்கும். சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்ய முனைந்த 403ஆம் எண் செனட் மசோதா, 2023இல் கலிபோர்னியச் சட்டமன்றத்தில் நிறைவேறியும், நடப்புச் சட்டங்களே போதுமென்று ஆளுநர் நியூசம் அதற்கு ஒப்புதல் மறுத்தார். மசோதாவை ஆதரித்தோரிலும் எதிர்த்தோரிலும் இந்திய வம்சாவளியினர் இருந்தனர். அவ்வாதம் பெரியவர் மட்டத்தில் நடந்தது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் பாடத்திலோ பொங்கல் விழா ஓவியப் போட்டிகளின் தலைப்பிலோ அதற்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. குழந்தைகளுக்கு வயது போதாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். டுஹங்கா வாஷில் தூரிகை பிடித்தவர்களுள் பதினான்கு வயதினரும் இருந்தனர்.