வழியில் கேட்ட வேதம்

ஜூரோங் வட்டாரத்துத் தமிழ்ச் சபைகளில், ஞாயிறு ஆராதனையின் நடுவே சாட்சி சொல்ல எழுந்து நிற்கும் சகோதர சகோதரிகளின் பேச்சைப் பல காலமாகக் கேட்டுவரும் எனக்கு, அவற்றுள் ஒரு வகை மட்டும் தனித்த இலக்கியச் சாதியாகவே தோன்றுவதுண்டு. பூன் லேயில் ரயில் ஏறியபோது பக்கத்தில் வந்தமர்ந்த முகமறியாத ஒருவர், துவாஸிலிருந்து திரும்பும் லாரியின் பின்புறத்தில் முதன்முறையாகச் சந்தித்த ஒரு தொழிலாளி, திருச்சி விமானத்தில் அடுத்த இருக்கையிலிருந்த ஒரு மூதாட்டி, இப்படி வழியில் எதிர்ப்பட்டவரோடு நிகழ்ந்த சிறு சம்பாஷணையைச் சொல்லி, அதனுள்ளிருந்து ஒரு விசுவாசப் பாடத்தை எடுத்துக்காட்டி, ஸ்தோத்திரத்தோடு அமர்வதே அதன் இலக்கணம். இவ்வகைச் சாட்சிக்கு நம் மொழியிலும் அயல்மொழிகளிலும் நீண்ட வம்சாவளி உண்டு. அவ்வம்சத்தின் மேலான கிளைகளில் போதிப்பவர் பெரும்பாலும் விசுவாசியல்லர், எதிர்ப்பட்ட அந்நியரே. இதை ஆராயாமல் நம் சாட்சிகளின் தரத்தை மதிப்பிட இயலாது என்பது என் துணிபு.

மூலமாதிரி லூக்கா சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமிலிருந்து அறுபது ஸ்தாதி தூரத்திலுள்ள எம்மாவுக்கு நடந்த சீஷர் இருவரில் கிலெயோப்பா என்ற ஒருவர் பெயரே நமக்குத் தெரியும். அவர்களோ, தங்களோடு சேர்ந்து நடந்தவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று அறியாமல், அவருக்கு நகரத்துச் செய்தியொன்றும் தெரியாதென்று எண்ணி, நடந்ததையெல்லாம் அவருக்கே விவரித்துச் சொல்லுகிறார்கள். அவர் வேதத்தின் பொருளை விளக்கக் கேட்டபோது அவர்கள் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது உண்மைதான். ஆயினும் அவரை அவர்கள் அறிந்துகொண்டது அந்த விளக்கத்தினால் அன்று, பொழுது சாய்ந்துவிட்டதென்று வருந்தியழைத்துத் தங்கவைத்த பந்தியில், அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த கணத்தில்தான். உபசாரம் இல்லாதிருந்தால் உபதேசம் பாதியிலேயே நின்றிருக்கும். அப்போஸ்தலர் நடபடிகளில், காசாவுக்குப் போகும் வனாந்தரப் பாதையில் எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தை ஓடிப் பிடித்த பிலிப்புவும், பிரசங்கத்தோடு தொடங்கவில்லை. ஒரு கேள்வியோடு தொடங்கி, மந்திரி கையில் விரித்திருந்த ஏசாயாவின் ஏட்டிலிருந்தே பேச்சை வளர்த்தார்.

தமிழில் இம்மரபு குடியேறிய வழி வியப்புக்குரியது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் பெத்தலேகம் குறவஞ்சியில், ஊர் ஊராகத் திரிந்து குறி சொல்லும் குறத்தியையே விசுவாசத்தின் உருவகமாக்கி, தேவமோகினியாகிய சபைக்கு நற்செய்தியை அவள் வாயால் சொல்லவைத்தார். மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்து, ஜெர்மானியப் பக்தி மார்க்கத்தின் போதனையைப் பெற்ற ஒரு புலவர், வேதபாடத்தைச் சொல்லத் தகுந்தவராகப் பாதிரியாரைத் தேர்ந்துகொள்ளாமல், வாசலுக்கு வந்து நிற்கும் வழிப்போக்கியைத் தேர்ந்துகொண்டது சாதாரணத் துணிவன்று. குறவஞ்சியின் மரபே அவ்வழி காட்டியது என்று சொல்லி இதைக் கடந்துபோவோர் உண்டு. எனக்கு அது போதுமான சமாதானமாகப் படவில்லை. பள்ளும் உலாவும் தூதும் அவருக்குத் தெரியாதவை அல்லவே.

அடுத்த தலைமுறையில், திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, பின்னர் கிறிஸ்தவரான ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் மோட்சப் பிரயாண நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். அது 1894-ல் நூலாக வெளிவந்தது. யாத்திரிகன் வழியில் சந்திப்போரின் வரிசையே இக்கதையின் முதுகெலும்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பனியனும் வழியில் கேட்ட பேச்சொன்றில் பாடம் பெற்றவர் என்பதை நம் சபையார் அதிகம் அறிந்திருக்கவில்லை. ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கும் தொழிலாளியாய் ஊர் சுற்றிய அவர், பெட்ஃபர்ட் நகரத் தெருவொன்றில், வீட்டு வாசலில் வெயில் காய்ந்தபடி தேவனுடைய காரியங்களைத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரின் பேச்சைக் கேட்க நேர்ந்தது. அதுகாறும் மதவிஷயத்தில் தாமும் சாமர்த்தியமாகப் பேசக்கூடியவர் என்று நம்பியிருந்த பனியன், அவர்கள் பேசுவது தமக்கு எட்டாத ஓர் உலகத்தைப் பற்றியது என்று உணர்ந்து கலங்கியதை 1666-ல் வெளியிட்ட தம் ஆத்மசரிதத்தில் எழுதியிருக்கிறார். அப்பெண்களின் பெயரை அவர் எழுதவில்லை. அவர்கள் அவருக்கு எதையும் போதிக்க முயலவும் இல்லை. பிற்பாடு மோட்சப் பிரயாணத்தில், மதத்தைப் பற்றி எத்தனை நேரமும் பேசத் தெரிந்த, வீட்டிலோ வேறாய் நடக்கும் வாயாடி ஒருவனைப் படைத்தபோது, வழிச் சம்பாஷணை எவ்வளவு எளிதில் பொய்த்துப்போகும் என்ற எச்சரிக்கையையும் அவரே சேர்த்துவைத்தார்.

சம்பாஷணைகளை நடந்தவாறே பதிவு செய்யும் முயற்சி தமிழ் மண்ணில் சாஸ்திரியார் காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, சுற்றுவட்டாரத்தில் தமிழரோடு நடத்திய வாதங்களைக் குறித்துவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றுள் முப்பத்து நான்கு 1719-ல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. எழுதியவர் மிஷனரி ஆகையால் முடிவுரை அவருடையதாகவே இருப்பது இயல்பு. எனினும், இவ்வளவு நல்ல வேதத்தை உடையவர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஐரோப்பியரின் ஒழுக்கத்தைச் சுட்டிக் கேட்ட தமிழர் குரலைத் தரங்கம்பாடி மிஷனின் ஏடுகள் மறைக்காமல் விட்டிருப்பதே, இன்றைக்கும் அவற்றைப் படிக்கத்தக்கவையாக வைத்திருக்கிறது.

ஆயினும் இத்துறையில் முழுமையான உதாரணம் எதுவென்று கேட்டால், நான் மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக்கின் (1861–1919) ரயில் பிரயாணத்தையே சொல்வேன். 1890-களின் தொடக்கத்தில் நாகபுரியிலிருந்து ராஜ்நந்த்காவுக்குச் சென்றுகொண்டிருந்த அவரோடு அதே பெட்டியில் ஓர் ஐரோப்பியர் பிரயாணம் செய்தார். அவர் எடுத்த எடுப்பில் மதத்தைப் பேசவில்லை. சமஸ்கிருதக் கவிதையைப் பற்றி மதிப்போடு பேசி, கவிஞரின் உள்ளத்தைக் கேட்டறிந்த பின்னரே புதிய ஏற்பாட்டுப் பிரதியொன்றைக் கையில் கொடுத்து, இரண்டாண்டுக்குள் நீர் கிறிஸ்தவராவீர் என்ற பொருள்படச் சொல்லிவிட்டு விடைபெற்றார். அதை நம்பாத திலக், படிப்பதாக வாக்குக் கொடுத்த ஒரே காரணத்துக்காகத் தொடங்கி, மத்தேயுவின் மலைப்பிரசங்கத்தில் கட்டுண்டார். 1895 பெப்ரவரி 10-ஆம் நாள் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் அவர் குடும்பம் பட்ட பிரிவும் துயரமும் எவ்வளவென்பதை, அவருடைய மனைவி லட்சுமிபாய் திலக் எழுதிய 'ஸ்மிருதி சித்ரே' என்னும் ஒப்பற்ற சுயசரிதத்தில் காணலாம். ரயிலில் நடந்த அரைநாள் பேச்சு ஓர் இல்லத்தில் எத்தனை ஆண்டுக் கண்ணீராயிற்று என்பதைச் சொல்லாத சாட்சி அரைகுறையானது என்று எனக்குத் தோன்றுவதற்கு, அந்த அம்மையாரின் நூலே காரணம்.

சாது சுந்தர்சிங் சொன்ன பனிமலைக் கதையைக் கேளாத தமிழ்க் கிறிஸ்தவர் அரியர். 1918-ல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றி, பின்னர் பர்மா வழியாக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பேசிய அந்தச் சாது, பனிப்புயலில் குற்றுயிராய்க் கிடந்தவனைத் தாம் சுமந்து நடந்ததால் இருவரும் உடற்சூட்டினால் பிழைத்ததையும், உதவ மறுத்து முன்னே சென்ற தோழன் விறைத்து மாண்டதையும் கூறுவார். நம் பிரசங்க பீடங்களில் இது ஓயாமல் எடுத்தாளப்பட்டு, சுமக்கப்பட்ட அந்த மனிதன் ஒரு வார்த்தையும் பேசாத வெறும் பாரமாய்ச் சுருங்கிவிட்டான். அவன் யார், எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. வழிச் சம்பாஷணை இலக்கியத்தின் பெருங்குறை இதுவே: பாடம் கிடைத்தவுடன் மனிதனை வழியிலேயே விட்டுவிடுகிறோம்.

சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபைகளின் வரலாற்றுக்கே இத்தகைய ஒரு சந்திப்பு தொடக்கமாயிற்று. பெங்களூரில் பிறந்தவரான மெதடிஸ்ட் மிஷனரி ஓல்டம், 1885-ல் தம் சக மிஷனரி தோபர்னோடு கப்பலிலிருந்து இறங்கியபோது, துறைமுகத்தில் காத்திருந்த சார்லஸ் ஃபிலிப்ஸ், முன்பின் பாராத அவர்களை முந்தின இரவுக் கனவில் கண்டதால் அடையாளம் தெரிந்துகொண்டதாக மெதடிஸ்ட் சபையார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயமும், ஷார்ட் ஸ்திரீட்டின் தமிழ் மெதடிஸ்ட் சபையும், கப்பலில் வந்திறங்கியவர்களால் நிறைந்தவை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த ரஜூலாக் கப்பலின் மேல்தளத்தில், பல சாதியாரும் பல மதத்தாரும் பாய் விரித்துப் பக்கம் பக்கமாய்ப் படுத்துக் கடந்த அந்த நாட்களில் எத்தனை பேச்சு நிகழ்ந்திருக்கும்! அது எழுத்தில் ஏறாமற் போனது தமிழுக்கு நேர்ந்த பெருநஷ்டம்.

ஜூரோங்கில் அந்த நஷ்டம் இன்றும் தொடர்கிறது. 1961-ல் சதுப்பு நிலத்தைத் திருத்தித் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டைக்கு, புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் தம்பிகள், ஞாயிறுதோறும் ரயிலில் லிட்டில் இந்தியாவுக்குப் போகிறார்கள்; சபைக்குப் போகும் நாமும் அதே ரயிலில் போகிறோம். ஒரு காலை, மடியில் பழப்பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், யாரைப் பார்க்கப் போகிறீர்கள் தம்பி என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குங்க சார். ஒருத்தரு கெடக்காரு. நான் அட்மிட் ஆயிருந்தப்ப பக்கத்துக் கட்டிலு. பங்களாதேஷ்காரரு."

"அவர் பேசுவது உங்களுக்குப் புரியுமா?"

"புரியாதுங்க சார். சும்மா போய் உக்காந்திட்டு வருவேன். யாராச்சும் வந்தா அவருக்குச் சந்தோசமாருக்கும்ல."

ஜூரோங் ஈஸ்ட்டில் அவர் இறங்கிவிட்டார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனையும், இறங்கிவந்த சமாரியனையும் பற்றி நான் கேட்ட வியாக்கியானங்கள் அநேகம். மொழி தெரியாத ஒருவன் கட்டிலருகே பேச்சின்றி உட்கார்ந்திருப்பதும் அந்த உவமையின் பொருளுக்குள் அடங்கும் என்று அவற்றுள் எதுவும் எனக்குக் காட்டியதில்லை. அவர் கழுத்தில் கிடந்தது குலதெய்வக் கோயிலின் கறுப்புக் கயிறு. இதைச் சபையில் சொல்லும்போது அக்கயிற்றை மறைத்துவிட்டு, அவரை அறியாமலே கிறிஸ்துவைச் சேர்ந்தவர் என்று முடித்துவைக்க நமக்கு உரிமையில்லை. மத நல்லிணக்கத்துக்கென்றே 1990-ல் சட்டமியற்றிய நாட்டில் வாழ்கிறோம் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எம்மாவு வழியில் நடந்தவர்கள் தங்களோடு வந்தவர் சொன்னதை முதலில் கேட்டார்கள், பிறகு அவரைத் தங்கவைத்தார்கள், பெயர் சூட்டியது அதற்கும் பிறகே என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்நாட்டின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979-லேயே தொடங்கிவிட்டது. அதற்குக் காத்திராமல், ஜூரோங் தமிழ்ச் சபைகளின் இளைஞர் சங்கங்களே இப்பணியை ஏற்கலாம்: ஆண்டுவிழா மலர்களில் போதகர் வாழ்த்துரைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை இத்தகைய சம்பாஷணைகளுக்கு ஒதுக்கி, எதிர்ப்பட்டவரின் சம்மதம் பெற்று, அவர் பெயரை வெளியிடாமல், அவர் சொன்னதை அவருடைய பேச்சிலேயே முதலில் எழுதி, நாம் பெற்ற பாடத்தை அதன்பின் சில வரிகளில் வைக்கவேண்டும். பாடம் பிடிபடாத சம்பாஷணைகளையும் சேர்க்கவேண்டும். அவற்றுக்குப் பொருள் காணக்கூடிய வாசகர் நமக்குப் பின்னர் வரக்கூடும்.