ஐங்கந்தக் கோட்பாடும் மணிமேகலைக் கதையும்

பௌத்த நெறி மனிதனை ஐந்து கந்தங்களின் தொகுதியாகக் கொள்கின்றது. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என மணிமேகலையின் முப்பதாவது காதை அவற்றைத் தமிழிற் பெயரிட்டுரைக்கின்றது. கந்தம் என்னும் சொல்லுக்குக் குவியல் என்பதும் பொருளாகும். புத்தளக் கடனீரேரியை அடுத்த பாலாவி உப்பளத்திற் குவித்த உப்பை அள்ளிவிட்டால், குவியல் எனத் தனியே எஞ்சுவது யாதுமில்லை. அவ்வாறே இவ்வைந்தையும் நீக்கின் 'நான்' என எஞ்சுவது யாதுமில்லை என்பது பௌத்தர் துணிபு.

ஆயின், நிலைத்த ஆன்மா இல்லையெனின், வினை செய்தவன் ஒருவனும் பயன் நுகர்பவன் வேறொருவனும் ஆகாரோ? மணிபல்லவத்துப் புத்த பீடிகையின் முன் மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்கின்றாள். அப்பிறப்பில் இலக்குமியாகிய அவளுக்குக் கணவனாயிருந்த இராகுலனே உதயகுமரன் எனவும் அறிகின்றாள். எனவே, கதை ஆன்மாவை ஏற்க, இறுதிக் காதை அதனை மறுக்கின்றது என வாதிட இடமுண்டு.

உதயகுமரன் கொலையுண்ணும் பகுதி இவ்வாதத்திற்கு விடை தருகின்றது. மணிமேகலை அப்போது காயசண்டிகையின் வடிவில் இருக்கின்றாள். அவ்வடிவைத் தன் மனைவியெனவே கொண்ட காஞ்சனன், அவளை நாடிவந்த உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். ஐந்தனுள் ஒன்றாகிய உருவை முழு ஆளாக மயங்கியமையே கொலைக்கு ஏதுவாயிற்று. முற்பிறப்பில் மடையனொருவனை வெகுண்டு வெட்டிய வினையே உதயகுமரனை வந்தடைந்தது என்கின்றது கந்திற்பாவை. அதேவேளை, காஞ்சனனையும் அவன் செய்த வினை விடாது என எச்சரிக்கின்றது. இறந்தவனின் பழவினை, கொன்றவனுக்குப் புகலிடமாகவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எனவே, பிறப்புத்தோறும் தொடர்வது ஆன்மாவன்று, காரணகாரியத் தொடர்ச்சியே. உப்பளத்திற் கடல்நீர் பாத்திக்குப் பாத்தி பாய்ந்து, வெயிலிற் செறிந்து, ஈற்றில் உப்பாக விளைகின்றது. அவ்வுப்புப் புகுந்த நீருமன்று. அந்நீரோடு தொடர்பற்ற பிறிதுமன்று.

இவ்வியைபை இறுதிக் காதை சுட்டிக்காட்டாது, கோட்பாடுகளை நிரல்படுத்தியே செல்வது காப்பியத்தின் குறை எனலாம். 'நான்' நிலையற்றதாயினும், செய்த வினைக்குரிய பொறுப்பு நீங்குவதில்லை என்னும் உண்மையைச் சாத்தனார் தத்துவக் காதையினும் கொலைக் காதையிலேயே தெளிவுற உணர்த்தியுள்ளார்.